இரவுக்குறியும் ஆலைச்சங்கும்: வடசென்னைக் கடற்கரையில் துணைதேடும் களங்கள்

‘இரவு வாழ்க்கை’ என்னும் தொடர் நகரவியல் ஆய்வுகளில் பெரும்பாலும் மதுக்கூடத்தையும் நடன அரங்கையுமே சுட்டி வருகிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியை இவ்வளவுகோலால் அளந்தால், அங்கு இரவு வாழ்க்கையே இல்லை என்ற பிழையான முடிவுக்கு வர நேரும். விடியுமுன்னரே ஏலக்குரல் எழும் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும், முறைமாற்றுப் பணி நடைபெறும் ஆலைகளும் இப்பகுதியை உறங்க விடுவதில்லை. அவ்விரவில் பெண்ணுக்கு இடமிருந்ததா என்பதே கேட்கத்தக்க வினா.

தொல்காப்பியக் களவியல் பகற்குறியை மனையெல்லைக்குப் புறத்தே, தலைவி அறிந்து வரக்கூடிய இடத்தில் வைக்கிறது. இரவுக்குறியோ மனைக்குள் புகாதது. ஆயினும் உள்ளிருப்போர் பேச்சு கேட்கும் தொலைவிலேயே அமைவது. இதனைக் காவல் மிகுதியின் விளைவாக மட்டும் கொள்ளவேண்டியதில்லை. இரவில் ஒரு பெண் எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்பதை இலக்கணம் அளந்து வைத்திருக்கிறது எனலாம். சுவரோடு சுவர் ஒட்டிய மீனவர் குடியிருப்புச் சந்துகளில் மாடிப்படியும் வாசற்படியும் இன்றும் அந்த அளவுக்குள் அடங்குவனவே.

ஆலை இந்த அளவை மாற்றியிருக்கக்கூடும், சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் ஆலையில் பணிபுரிவதைத் தடுத்தது. எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளின் இரவுமுறை அரை நூற்றாண்டுக் காலம் ஆண்களின் களமாகவே இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், பாதுகாப்பு நெறிகளை வகுத்து அத்தடையை நீக்கியது. மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டது 2021 பிப்ரவரி 14 அன்று; காதலர் நாளாக அமைந்தது தற்செயலே எனினும், பணிக்குச் செல்லும் பெண்ணுக்கு அறிந்த வழியொன்று கூடியது.

சந்திப்பினும் கடினமானது உறுதிப்பாடு. இப்பகுதியின் தொன்மையான காதற்கதை அதனையே பேசுகிறது. திருவொற்றியூரில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு விரும்பிய சுந்தரருக்காக இறைவனே தூது செல்கிறார். பிரியேன் என்னும் சூளைக் கோயிலுக்குள் செய்ய நேர்ந்தால், இறைவன் மகிழமரத்தடியில் இருக்கட்டும் எனச் சுந்தரர் வேண்டுகிறார். இறைவனோ மரத்தடியிலேயே சூள் பெறுமாறு சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்துகிறார். பின்னர் ஊரெல்லையைக் கடந்த சுந்தரர் பார்வை இழந்ததைச் சேக்கிழார் கூறுகிறார். இக்கதையில் பெண்ணின் பக்கம் நின்றவர் எவர் என்பது தெளிவு.

இன்று அச்சூளின் இடத்தில் பதிவு அலுவலகம் நிற்கிறது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் மணமக்களின் அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி, எதிர்ப்புத் தெரிவிக்க 30 நாள் இடம் தருகிறது. சாதியோ சமயமோ கடந்து இணைவோருக்கு அந்த 30 நாளும் அலர் எழும் காலமே. சுயமரியாதைத் திருமணத்தை ஏற்ற 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தில் இத்தகைய முன்னறிவிப்பு இல்லை. அத்திருமணத்தைப் பலரறிய அறிவிக்க வேண்டியதில்லை என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.