பயிற்றுநருக்கும் பயிற்சி

1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் தோன்றிற்று. கற்பிப்பவரும் கற்க வேண்டியவரே என்பதை இவை நிலைநாட்டின.

ஆயினும் எல்லோருக்கும் ஒரே பாடம் பொருந்துமோ? இராயபுரத்துக் குத்துச்சண்டை மேடையிலேயே வளர்ந்த ‘வாத்தியாரு’க்கு ஆட்ட நுட்பம் கைவந்த கலை, அவர் கற்க வேண்டுவது உடலியல். தலையில் அடிபட்ட சிறுவனுக்குத் தலை சுற்றுமாயின், மருத்துவர் இசையும்வரை அவனை மேடையேற்றலாகாது என்பதை அவர் அறிதல் வேண்டும். பட்டம் பெற்று வரும் இளைஞருக்கோ உடலியல் தெரியும். மேடைப் பழக்கமே தேவை.

ஆகவே, அவரவர் குறையறிந்து பாடம் வகுத்தல் வேண்டும். ஏனெனில், பயிற்றுநரின் அறியாமைக்கு விலை கொடுப்பவன் மாணவனே!