மெஷ் சின்னதானால் பலம் குறையுமா?

படத்துக்கு ஃப்ரேம் போடும் கடையில் நின்று பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கண்ணாடி மேல் ஸ்கேலை வைத்து, கட்டரால் ஒரே ஒரு கோடு கிழிப்பார். மேஜை விளிம்பில் வைத்து லேசாக அழுத்துவார். 'டக்'. கோட்டின் மேலேயே இரண்டாகிவிடும். அந்தக் கோட்டின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். மிச்சத் தடிமன் முழுக்க அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் கண்ணாடி விட்டுக்கொடுத்துவிடுகிறது. ஷாம்பு பாக்கெட் ஓரத்தில் இருக்கும் குட்டி வெட்டும், ஜவுளிக்கடைக்காரர் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுத் துணியைச் சர்ரென்று கிழிப்பதும் இதே சங்கதிதான்.

இந்தச் சின்ன வெட்டு என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது. சரியாகச் சொன்னால், நானே என்னை ஏமாற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. அந்தக் கதையோடு சேர்த்து, பொருள்கள் எப்படி உடைகின்றன என்பதையும் கொஞ்சம் சொல்லலாம் என்றுதான் இந்தப் பதிவு. கணக்கு அதிகம் வராது. ஒரு வர்க்கமூலம் மட்டும் வரும், பயப்பட வேண்டாம்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை: அக்ரிலிக் பட்டைகளில் விரிசல் போட்டு, நடுவில் அழுத்தி உடைப்பது. உடையும் லோடைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணித்துக் காட்டுவது. பட்டையின் உயரம் 20 மி.மீ., தடிமன் 6 மி.மீ., இரண்டு தாங்கிகளுக்கு நடுவே 80 மி.மீ. இடைவெளி. கீழ்ப்பக்கம் நடுவில் ரம்பத்தால் ஒரு வெட்டு. வெட்டின் நுனியில் புது ரேசர் பிளேடை வைத்து மெல்லத் தட்டினால் கூர்மையான விரிசல் பிறக்கும். மொத்த ஆழம் 10 மி.மீ. வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டுவது ஒரு கலை. கொஞ்சம் ஓங்கித் தட்டினால் பட்டை அங்கேயே இரண்டாகிவிடும். எத்தனை பட்டைகளை அப்படிக் காலி பண்ணினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

உடைத்ததில் சராசரி 96 நியூட்டன் வந்தது. கிட்டத்தட்ட பத்து கிலோ எடை.

அடுத்தது சிமுலேஷன். ஃபைனைட் எலிமென்ட் முறை பற்றித் தெரியாதவர்களுக்கு: பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நீள்கிறது, உள்ளே எவ்வளவு தகைவு, அதாவது ஒரு பரப்பின்மேல் வரும் விசை, என்று கணக்கிடுவது. அந்தக் கட்ட வலைக்குத்தான் மெஷ் என்று பெயர். நான் விரிசல் நுனியில் 0.1 மி.மீ. கட்டங்கள் போட்டேன். அக்ரிலிக்கின் இழுவிசை பலம் சுமார் 70 மெகாபாஸ்கல். நுனிக் கட்டத்தின் நடுவில் தகைவு 70-ஐத் தொடும்போது பட்டை உடைகிறது என்று எடுத்துக்கொண்டேன். நியாயமாகத்தானே படுகிறது? கணக்கு சொன்ன லோடு 95 நியூட்டன்.

95-க்கு 96. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். 'சிமுலேஷனும் பரிசோதனையும் 2 சதவீதத்துக்குள் பொருந்துகின்றன' என்று அதில் ஒரு வரி.

கோளாறு லேப் அண்ணனிடமிருந்து ஆரம்பித்தது. எங்கள் சோதனை இயந்திரத்தின் லோடு செல் 10,000 நியூட்டன் வரை அளப்பது. "தம்பி, உன் 96 நியூட்டன் இதுக்கு எறும்பு கடிச்ச மாதிரி. நம்பர் நம்பிக்கையா வேணும்னா பெரிய பீஸா வெட்டிட்டு வா"ன்னார். சரியான பேச்சு. தடிமனை மட்டும் மாற்றாமல், மற்ற எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கி வெட்டினேன். விரிசலும் இரண்டு மடங்கு, 20 மி.மீ. சிமுலேஷனில் புதிதாக வரைய அலுப்பு. ஸ்கேல் கட்டளையில் 2 என்று கொடுத்தேன். மாடல் வீங்கியது, கூடவே மெஷ்ஷும் வீங்கியது. உடையும் லோடு 190 என்று வந்தது. அளவு இரண்டு மடங்கு, லோடும் இரண்டு மடங்கு. பார்க்க அழகாக இருந்தது.

லேபில் முதல் பீஸ் 131-ல் உடைந்தது. பீஸ் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாவது 140. தாங்கி சாய்ந்திருக்கும். மூன்றாவது 136. அக்ரிலிக் ஷீட் வேறு லாட்டாக இருக்கும், பிளேடு மழுங்கியிருக்கும், ஏசி அதிகமாக இருந்திருக்கும். ஒரு வாரம் முழுக்க இப்படியே ஓடியது. கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. அதுதான் ஏற்கெனவே 'நிரூபணமாகிவிட்டதே'.

கடைசியில் கைடு ஒரு கேள்விதான் கேட்டார். "மெஷ்ஷைப் பாதியாக்கிப் பாத்தியாப்பா?"

பார்த்தேன். பழைய சின்னப் பட்டையையே எடுத்துக்கொண்டு, 0.2 மி.மீ. கட்டம் போட்டால் 135 நியூட்டன். 0.1 போட்டால் 95. 0.05 போட்டால் 67. 0.025 போட்டால் 47. பட்டை அதே பட்டை, விரிசல் அதே விரிசல். நான் கட்டத்தைச் சின்னதாக்க ஆக்க அக்ரிலிக் பலவீனமாகிக்கொண்டே போகிறது! வழக்கமாக மெஷ்ஷை நுணுக்கினால் விடை ஓர் இடத்தில் நின்றுவிட வேண்டும். இது நிற்கவே இல்லை. ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் லோடு 1.41-ஆல் வகுபடுகிறது. இரண்டின் வர்க்கமூலம்.

இது மென்பொருளின் பிழை இல்லை. மென்பொருள் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கேள்விதான் தப்பு.

1913-ல் சார்லஸ் இங்லிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தகட்டில் நீள்வட்டத் துளை இருந்தால் அதன் நுனியில் தகைவு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வட்டத் துளையென்றால் 3 மடங்கு. துளை ஒடுங்க ஒடுங்க, நுனி கூர்மையாக ஆக ஆக, மடங்கு ஏறிக்கொண்டே போகும். நுனியின் ஆரம் பூஜ்யமானால் முடிவிலி. அதாவது விரிசல் நுனியில் 'உண்மையான தகைவு எவ்வளவு' என்றால், மீள்தன்மைக் கோட்பாடு சொல்லும் பதில் முடிவிலி. நுனியை நெருங்க நெருங்க தகைவு, தூரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்த மாதிரி ஏறும். என் கட்டம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நுனிக்கு அருகில் நான் எட்டிப்பார்க்கிறேன். அவ்வளவு பெரிய எண் தெரிகிறது. முடிவில்லாத மலையில் எந்தப் படியில் நின்று உயரம் அளந்தேன் என்பதுதான் என் 95.

இங்லிஸின் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவருடைய மடங்கு, துளையின் வடிவத்தை மட்டும் பொறுத்தது, அளவைப் பொறுத்தது இல்லை. 1 மி.மீ. நீள்வட்டமும் 1 மீட்டர் நீள்வட்டமும் ஒரே வடிவமென்றால் ஒரே மடங்கு. ஆனால் பெரிய விரிசல்தான் ஆபத்து என்பது பட்டறையில் வேலை பார்க்கும் யாருக்கும் தெரியும். நான் ஸ்கேல் கட்டளையில் 2 போட்டபோது செய்தது இதே தப்புதான்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஏ.ஏ. கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், முறுக்கப்பட்ட தண்டுகளில் தகைவைக் கண்டுபிடிக்க ஜி.ஐ. டெய்லரோடு சேர்ந்து சோப்புப் படலத்தை வைத்துக் கணக்குப் போட்டவர். துளைமேல் சோப்புப் படலத்தை லேசாக உப்பவைத்து அதன் சரிவை அளந்தால், அதே சமன்பாட்டுக்கு விடை கிடைத்துவிடும். அன்றைய சிமுலேஷன் என்றே சொல்லலாம். எனக்கு அவர்மேல் ஏற்பட்ட பிரியம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

1921-ல் வெளியான கட்டுரையில் அவர் கேள்வியையே மாற்றினார். நுனியில் தகைவு எவ்வளவு என்று கேட்காதே. விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேள். விரிசல் நீளும்போது அதன் இரு பக்கமும் உள்ள பொருள் தளர்கிறது, இழுத்த ரப்பரை விட்டமாதிரி. அந்தத் தளர்ந்த பகுதியின் பரப்பு, நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இது வரவு. புதிதாக இரண்டு மேற்பரப்புகளை உண்டாக்க ஆற்றல் வேண்டும். அது நீளத்துக்கு நேர்விகிதம். இது செலவு. வர்க்கம் எப்படியும் ஒரு கட்டத்தில் முந்திவிடும். அதற்குக் கீழே விரிசல் சாது, அதற்கு மேலே போனால் நிறுத்த முடியாது. கணக்கு முடிவில் வருவது: உடையும் தகைவு பெருக்கல் விரிசல் நீளத்தின் வர்க்கமூலம், ஒரு மாறிலி. கண்ணாடிக் குழாய்களிலும் குமிழ்களிலும் விரிசல் போட்டு, உள்ளே அழுத்தம் கொடுத்து வெடிக்க வைத்து அதைச் சரிபார்த்தார்.

அப்புறம் கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்தார். 1 மி.மீ. கனமுள்ள இழை சுமார் 170 மெகாபாஸ்கலில் அறுந்தது. சுமார் 3 மைக்ரான் இழையோ 3,400 வரை தாங்கியது. அதே கண்ணாடி, இருபது மடங்கு பலம். மெல்லிய இழைக்குள் பெரிய விரிசலுக்கு இடமில்லை என்பதுதான் இதற்கு அவர் வழியில் விளக்கம். ஒருநாள் சாயங்காலம் கண்ணாடி உருக்கும் விளக்கை அணைக்காமல் போய் லேபில் தீப்பிடித்ததாகவும், அதற்குப்பின் அவரை இந்த வேலையிலிருந்து மாற்றிவிட்டதாகவும் ஜே.ஈ. கோர்டன் எழுதியிருக்கிறார். எங்கள் லேபில் நான் உடைத்தது வெறும் அக்ரிலிக்தான் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

உலோகங்களில் நுனி நெளிந்துகொடுக்கும், அதற்கே ஆற்றலில் பெரும்பகுதி போய்விடும் என்பதால் கிரிஃபித்தின் எண் அங்கே அப்படியே ஒத்துவராது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், அப்போதுதான் கட்டிமுடித்து அமைதியான நீரில் கட்டிவைத்திருந்த ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் நடுவில் பிளந்தது. அந்தக் காலத்துப் பற்றவைத்த கப்பல்கள் பலவற்றில் இப்படி விரிசல்கள். பழைய ரிவெட் கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்ததில் கப்பல் முழுக்க ஒரே தகடு. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஜார்ஜ் இர்வின் கிரிஃபித்தை மறுபடி கையிலெடுத்து, 1957-ல் அதைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். முடிவிலி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்த முடிவிலி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு ஓர் எண் வைப்போம் என்றார். அதுதான் தகைவுச் செறிவு எண். அது தாங்கும் எல்லைக்கு முறிவுத்திறன் என்று பெயர். ஜன்னல் கண்ணாடிக்குச் சுமார் 0.7, அக்ரிலிக்குக்கு 1-ஐ ஒட்டி, நல்ல எஃகுக்கு 100-க்கும் மேல், மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டரின் வர்க்கமூலம் என்ற விசித்திரமான அலகில்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் எண்களைத் திரும்பப் பார்த்தேன். சின்னப் பட்டையின் 96 நியூட்டனிலிருந்து முறிவுத்திறன் 1.2. பெரிய பட்டைக்கு அதே 1.2 வைத்தால் உடைய வேண்டிய லோடு 135. லேபில் வந்தது 131, 140, 136. பீஸ், தாங்கி, பிளேடு, ஏசி எல்லாம் நிரபராதிகள்.

சிமுலேஷனிலும் கேள்வியை மாற்றினேன். விரிசலைக் கொஞ்சம் நீட்டி இரண்டு தடவை ஓட்டினேன்; மொத்த ஆற்றலில் வந்த வித்தியாசத்தை, கூடிய விரிசல் பரப்பால் வகுத்தேன். 0.2, 0.1, 0.05 மூன்று மெஷ்ஷிலும் கிட்டத்தட்ட ஒரே விடை: உடையும் நேரத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 480 ஜூல். நுனியில் என்ன பிதற்றினாலும் மொத்தக் கணக்கு நாணயமாக இருக்கிறது. 1968-ல் ஜேம்ஸ் ரைஸ் கொடுத்த ஜே தொகையீடு இதையே ஒரே ஓட்டத்தில் செய்யும். நுனியைச் சுற்றி எந்தப் பாதையில் போனாலும் விடை மாறாது. இன்றைக்கு மென்பொருள்களில் ஒரு பட்டன் அது. கண்ணாடிக்கு இதே எண் 8 ஜூலை ஒட்டித்தான் வரும். அக்ரிலிக்கில் விரிசலுக்கு முன்னால் மூலக்கூறுகள் நூல்நூலாக இழுபட்டு நிற்கும். வித்தியாசம் அங்கேதான் செலவாகிறது.

ஒரு விஷயம் இன்னமும் என்னை உறுத்துகிறது. பெரிய பட்டைக்கு ஸ்கேல் கட்டளை போடாமல், சோம்பல் படாமல், புதிதாக 0.1 மி.மீ. மெஷ் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? 134. சோதனையோடு அப்படியே பொருந்தியிருக்கும். என் தப்பு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஏனென்றால் அந்த 0.1 மி.மீ., எனக்குத் தெரியாமல், அக்ரிலிக்கின் ஒரு பண்பாக வேடம் போட்டிருந்தது. 'நுனியிலிருந்து இவ்வளவு தூரத்தில் தகைவு இந்த எல்லையைத் தொட்டால் உடையும்' என்று வெளிப்படையாகச் சொல்லும் முறை ஒன்று உண்டு, நியூபர், பீட்டர்சன் காலத்திலிருந்தே. அது மரியாதையான முறை. அதில் தூரத்தை அளந்து, இது பொருளின் எண் என்று பெயர் வைத்துச் சொல்வார்கள். நான் அதை மெஷ் செட்டிங்கில் ஒளித்து வைத்துவிட்டு, கணிப்பு என்று பெயர் வைத்திருந்தேன். 0.2-லும் ஓட்டிப் பார்த்து, பொருந்தாததால் 0.1-ஐ வைத்துக்கொண்டதும் இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அதை 'மெஷ்ஷை மேம்படுத்தியது' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

இப்போது பரவலாக இருக்கும் ஃபேஸ் ஃபீல்டு முறையிலும் ஒரு நீள அளவு வரும்; அது பலத்தையும் கட்டுப்படுத்தும். அதை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கட்டுரையில் முதலில் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கருத்தரங்குக்கு எழுதி அந்த 2 சதவீத வரியை எடுக்கச் சொன்னேன். சுருக்கம் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது, பேசும்போது சொல்லிக்கொள்ளுங்கள் என்று பதில். சொன்னேன். முதல் ஸ்லைடே 135, 95, 67, 47 என்ற நான்கு எண்கள்தான். பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, "எங்க ப்ராஜெக்ட்லயும் 0.1-தான் சார் போட்டிருக்கோம்" என்றார்.