ஓடும் வீட்டில் எரிவாயுக் குழாய்

மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் கேரவன் என்னும் சக்கர வீட்டில், விடுமுறைக் காலமெல்லாம் சமைத்தும் உறங்கியும் வாழ்கிற வழக்கம் பிரிட்டனில் வெகு பிரசித்தம். அடுப்புக்கும் கணப்புக்கும் வெந்நீருக்கும் ஆதாரமாயிருப்பது, நம் சமையலறைகளில் உள்ளதைப் போன்ற ஒரு வாயு சிலிண்டரே. ஆனால் குளிர் பூஜ்ய டிகிரியை நெருங்கியதும் அதில் அடைக்கப்படும் பூட்டேன் ஆவியாக மறுத்துவிடுமாதலால், மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும் புரோப்பேனை அந்நாட்டார் குளிர்காலத்தில் நாடுகின்றனர்.

மண்ணில் ஊன்றிய வீட்டில் ஒழுங்காகப் பொருத்திய குழாய் பல்லாண்டுகள் அசையாமல் கிடக்கும். கேரவனிலோ, சாலையின் மேடுபள்ளங்கள் யாவும் குழாயின் ஒவ்வொரு மூட்டையும் உலுக்கிப் பரீட்சை செய்கின்றன. ஆகவே மூட்டுகளைக் குறைப்பதே இக்குழாய் பொருத்தும் தொழிலின் முதல் தர்மம் என்பது என் திடமான அபிப்பிராயம். ரெகுலேட்டர் அழுத்தத்தை 30 மில்லிபாராகத் தணித்து அனுப்பும் வாயுவை, பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் தாமிரக் குழாய் ஏந்திச் செல்கிறது. கைதேர்ந்த தொழிலாளி அதைத் திருப்பங்களில் வெட்டி ஒட்டாமல் பக்குவமாக வளைத்து, அரை மீட்டருக்கு ஒரு கவ்வியால் நிலைநிறுத்தி, தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையமும் இடுகிறான்.

தவிர்க்க முடியாத மூட்டில் அவன் கைவேலை நுட்பமானது. குழாயைச் சக்கரக் கத்தியால் நேராக வெட்டி, உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டியெடுத்து, நட்டையும் ஒரு சிறு பித்தளை வளையத்தையும் அதில் கோத்து, இணைப்பின் அடிவரை குழாயைச் செலுத்தியபின், ஸ்பானரால் அளவறிந்து இறுக்குகிறான். வளையம் குழாயைக் கவ்வ வேண்டுமேயன்றி நசுக்கக்கூடாது. வேலை முடிந்ததும் கசிவைக் காற்றழுத்தத்தாலும், கசிவறியும் திரவத்தின் குமிழிகளாலும் சோதிக்க வேண்டும்; தீக்குச்சியால் ஒருபோதும் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் கசிவு நேர்ந்தால்? புரோப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. மேலே எழாமல், தரையில் தண்ணீரைப் போலப் பரவித் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்திலும், அடுப்பு முதலிய சாதனங்களின் கீழும் திறந்த துளைகள் விடுகிறார்கள். குளிர்காற்று புகுகிறதென்று அத்துளையில் துணியை அடைப்பவர், குழாய் பொருத்தியவனின் உழைப்பை எல்லாம் வியர்த்தமாக்குகிறார். மேலே சாமான் வைத்தும் அதை மூடலாகாது. சாலைச் சேறும் சிலந்தி வலையும் அடியிலிருந்து அடைக்கக்கூடுமாகையால், பிரயாணத்துக்கு முன் குனிந்து பார்த்து ஒரு குச்சியால் நீக்கிவிட வேண்டும்.