மலைநாட்டை நோக்கி விரைந்த அன்னை

செபமாலையின் மகிழ்ச்சி மறை உண்மைகளைத் தியானிக்கும் நாட்களில், அன்னை மரியாள் எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்வை எமது இல்லங்களில் இரண்டாவதாக நினைவுகூருகின்றோம். மே மாதம் 31 ஆம் திகதி திருச்சபை இதனை விழாவாகவும் கொண்டாடுகின்றது. பலமுறை சொல்லிப் பழகிவிட்டதாலோ என்னவோ, அந்நிகழ்விலுள்ள எளிய உண்மையொன்றை நாம் கவனிக்கத் தவறிவிடுகின்றோம். எலிசபெத்து ஆறு மாதக் கர்ப்பிணி. முதிர்ந்த வயதில் முதற்பிள்ளையைச் சுமந்தவர். அவர் மரியாளைத் தேடி வரவில்லை. மரியாளே மலைநாட்டிலிருந்த அவருடைய வீட்டைத் தேடி விரைந்து சென்றார்; ஏறக்குறைய மூன்று மாதங்கள் உடன் தங்கினார்.

எமது நாட்டின் தாய்மாரைக் காத்ததும் இவ்வாறு வீடு தேடிச் சென்ற பணியே என்றால் அது மிகையாகாது. கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை 1879 இலேயே திறக்கப்பட்டது. ஆயினும் 1930களில்கூட, உயிருடன் பிறந்த ஒவ்வொரு 100,000 குழந்தைகளுக்கும் 2,000க்கும் அதிகமான தாய்மார் மரணமடைந்தனர். தலைநகரிலே மருத்துவமனை இருந்தது. கிராமத்துத் தாயோ அதனை எட்ட முடியாத தொலைவில் இருந்தாள்.

அந்தத் தொலைவைக் குறைக்கும் முயற்சி 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவுடன் ஆரம்பித்தது. பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவு செய்தனர். ஆபத்தின் அறிகுறிகளை முன்னரே கண்டு மருத்துவமனைக்கு அனுப்பினர். பிரசவத்தின் பின்னரும் தாயையும் சேயையும் பார்க்கச் சென்றனர். இத்திட்டம் படிப்படியாக நாடெங்கும் பரவியது. கிராமிய மருத்துவமனைகள், மலேரியாக் கட்டுப்பாடு, பெண்களின் கல்வி ஆகியனவும் துணைசேர, 2020 ஆம் ஆண்டளவில் அந்த 2,000 என்ற எண்ணிக்கை ஏறக்குறைய 30 ஆகக் குறைந்தது. எம்மைவிடச் செல்வம் மிகுந்த நாடுகளும் வியந்து நோக்கும் சாதனை இது.

ஆனால், எமது சொந்த மலைநாட்டை இந்த நன்மை தாமதமாகவே சென்றடைந்தது. தேயிலைத் தோட்டங்களின் சுகாதாரம் நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னரே அரச சுகாதார சேவை அங்கு படிப்படியாக விரிந்தது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப்புறங்களிலோ ஏறத்தாழ 32 வீதம். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது, வறிய தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைத்துவந்த திரிபோஷ மாவின் விநியோகமும் தடங்கலுற்றது.

ஞாயிறு திருப்பலி முடிந்த ஒருநாள், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் பணிபுரியும் யுவதி ஒருவர் என்னிடம் வந்தார். “சாமி, அக்காவுக்கு ஏழு மாசம். அவவுக்காக வேண்டிக்கொள்ளுங்க” என்றார். “கிளினிக்குக்குப் போகிறாரா?” எனக் கேட்டேன். “போனா அரை நாள் சம்பளம் போயிரும் சாமி” என்று தலைகுனிந்தார். அவருக்காக மன்றாடுவதாக வாக்களித்தேன். ஆயினும் அன்றிரவு அந்த அரை நாள் சம்பளம் என்னை உறங்கவிடவில்லை. கிளினிக்கில் மருத்துவம் இலவசம்தான்; ஆனால் அங்கு செல்வதற்கு ஓர் ஏழைத்தாய் தன் கூலியை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கின்றதே!

அன்பார்ந்த இறைமக்களே, காலையில் நாம் அருந்தும் தேநீர் அத்தாய்மாரின் கைகளால் கொய்யப்பட்டது. எமது வீடுகளில் சமைப்பவர்களும் கூட்டுபவர்களும் பலர் அவர்களின் பிள்ளைகளும் சகோதரிகளுமே. ஆகையால் மலைநாடு எமக்குத் தூரமானதன்று. உங்கள் வீட்டில் பணிபுரிபவரிடம் அவரது குடும்பத்தில் கர்ப்பிணி எவரேனும் உளரா எனக் கேளுங்கள். பிரசவ வேளையில் ஊர் சென்று உதவ அவருக்குச் சம்பளத்துடன் விடுமுறை அளியுங்கள். கிளினிக் நாளில் இழக்கப்படும் கூலியை நீங்கள் கொடுத்துதவுங்கள். எமது பங்குகளிலுள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபையினர், மலையகப் பங்கொன்றுடன் இணைந்து தாய்மாரின் போசாக்குக்கு உதவலாம். இது தர்மம் என்பதைவிட, நாம் பட்ட கடனைச் சிறிதளவேனும் தீர்ப்பது என்பதே பொருந்தும்.

மரியாள் எலிசபெத்தின் வாசலில் நின்று வாழ்த்தியபோது, கருவிலிருந்த குழந்தை மகிழ்ச்சியால் துள்ளியது என நற்செய்தியாளர் லூக்கா எழுதுகின்றார். எமது உதவி சென்றடையும் ஒவ்வொரு லயன் அறையிலும் அந்த மகிழ்ச்சி மீண்டும் பிறக்கட்டும். இவ்வாரம் செபமாலையின் இரண்டாம் மறை உண்மையைச் சொல்லும்போது, மலைநாட்டிலுள்ள ஒரு தாயை மனத்தில் இருத்தி மன்றாடுவோம். மன்றாடி எழுந்தபின், அன்னையைப் போல் விரைந்து செல்வோம்.