புரை திரும்பியதா?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் தொடங்கியபின் செயற்கை லென்ஸ் ஏழைகளுக்கும் எட்டியது. எனினும் அறுவைக்குப்பின் பார்வை மீண்டும் மங்கினால், ‘புரை திரும்பிவிட்டது’ என்று நம் பெரியவர்கள் கலங்குகின்றனர். அகற்றிய புரை திரும்புவதில்லை. லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறையில் எஞ்சிய செல்கள் படர்ந்து அதை மங்கச் செய்கின்றன.

மாலைக்கண்ணாகத் தொடங்கும் பரம்பரை விழித்திரை நோயான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளோருக்கு இது கூடுதலாக நேர்கிறது. உறை சுருங்கி லென்ஸ் நகர்வதும் உண்டு. நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்களில் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

‘விழித்திரை கெட்டது, இனி வழியில்லை’ என முடங்கலாகாது. மங்கிய உறையை யாக் லேசர் சில நிமிடங்களில், கத்தியின்றித் திறந்துவிடும். சிதைந்த விழித்திரையை அது மீட்காது. எஞ்சிய பார்வையை மறைக்கும் திரையை விலக்கும். லேசருக்கு முன்னும் பின்னும் விழித்திரைப் பரிசோதனை அவசியம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் முதலில் காட்டுங்கள்.