உங்களுக்குத் தெரியுமா? போர், காதல், ஒளி மாளிகை

● போர்க்காலக் காதல் புனைவுகளில் மாய விடுதிகள் வரும். நிஜ விடுதி ஒன்றையும் போர் உருமாற்றியது: 1887இல் தொடங்கிய சிங்கப்பூர் ராஃபிள்ஸ் விடுதி, ஜப்பானியர் ஆட்சியில் ‘சியோனான் ரியோக்கான்’ என்று பெயரே மாறிப்போனது.

● மலேசியாவின் கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தானில் நிஜமாகவே ஓர் ஒளி மாளிகை உண்டு. இருட்டியதும் சம்பானில் போனால், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும்.

● அத்தனையும் காதல் தூது! ஆண் மின்மினி விநாடிக்கு ஏறத்தாழ 3 முறை ஒளிர்ந்து துணையை அழைக்கிறது. பெண் மின்மினி முட்டையிடுவது கரை மண்ணில். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு இரை நத்தை.

● ஜப்பானியர் ஆட்சி பிரித்த காதலும் உண்டு. 1942–43இல் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கி.மீ. பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. லயத்து வாசலில் காத்திருந்த மனைவியர் காத்தபடியே இருந்தனர்.

● அந்தத் துயரத்தை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் பதிவு செய்துள்ளன.

மின்மினி பார்க்கப் போகிறீர்களா? கேமரா வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஜப்பான்காரன் காலத்துக் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.