வட்டில் எழுதுங்காற் காணப்படுந் தாமதமும் அதன் காரணமும்

கணினியிலுள்ள கோப்புக்களைப் புறவட்டொன்றிற் பிரதிசெய்து காத்தல் இன்று அலுவலகத்திலும் ஆய்வுகூடத்திலும் நாடோறும் நிகழுஞ் செயலாகும். லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இதனைச் செய்வோர் பலர் ஒரு குறையைக் காண்பர். விண்டோஸிலே விரைந்து எழுதிய அதே வட்டு, இங்கே அவ்விரைவிற் காற்பங்குதானும் எய்தாது தயங்கும். வட்டே பழுதுற்றதெனக் கருதிப் புதியதொன்றை வாங்குவாருமுளர். அதுவும் அவ்வாறே தயங்குமாயின் பொருட்செலவு வீணேயாம்.

இத்தகைய வட்டுக்களிற் பல என்.ரி.எவ்.எஸ். என்னுங் கோப்பு முறைமையில் அமைந்தவை. 1993 இல் விண்டோஸ் என்.ரி. 3.1 உடன் வெளிவந்த இம்முறைமையில் லினக்ஸ் எழுதுதற்கு, 2007 இல் நிலைபெற்ற பதிப்பாக வெளியான என்.ரி.எவ்.எஸ்.-3ஜி என்னுஞ் செலுத்தி நெடுங்காலம் துணைநின்றது. இச்செலுத்தி லினக்ஸின் உட்கருவினுள் இயங்குவதன்று. பியூஸ் என்னும் இடையமைப்பின் வாயிலாக, ஏனைய செய்நிரல்களைப் போலப் புறத்தே இயங்குவது. களஞ்சியத்தினுள்ளே இருக்கவேண்டிய எழுதுவினைஞர் வாயிலுக்கு வெளியே அமர்ந்திருப்பதற்கு இதனை ஒப்பிடலாம். உட்கரு ஒவ்வொரு பொதியையும் அவரிடம் அனுப்பும். அவர் அது வைக்கப்படவேண்டிய இடத்தைக் கணித்து மீண்டும் உள்ளே அனுப்புவார். அவர் தவறிழைப்பினும் களஞ்சியம் முழுவதும் நிலைகுலையாது என்பது இவ்வமைப்பின் சிறப்பு. அதற்குரிய விலையே தாமதம்.

அவ்விலை பொதியின் அளவைப் பொறுத்தது. வேறு கட்டளை இல்லாதவிடத்து இச்செலுத்தி 4 கிலோபைற்று அளவான சிறு துண்டுகளாகவே தரவைப் பெறும். ஒரு கிகாபைற்றை எழுதுதற்கு 262,144 துண்டுகள் வாயிலைக் கடத்தல் வேண்டும். வட்டை இணைக்குங்கால் ‘பிக் றைற்ஸ்’ என்னுந் தெரிவைச் சேர்ப்பின் துண்டின் அளவு 128 கிலோபைற்று வரை உயரும். அவ்வாறாயின் 8,192 துண்டுகளே போதும். ஒரு சொல்லைச் சேர்த்தலால் இத்துணை வேறுபாடு விளைதல் வியத்தற்குரியது.

நிற்க, மருந்திடுமுன் நோயறிதல் வேண்டும். எழுதும் வேளையில் ‘ரொப்’ என்னுங் கட்டளையை இட்டு நோக்குக. செலுத்தி முறைவழியாக்கியின் ஒரு கருவை முற்றாகக் கொள்ளுமாயின் தடை செலுத்தியிலேயே உளது. இலக்குக் கோப்புறை சுருக்கிவைக்கும்படி குறிக்கப்பட்டிருப்பினும் இந்நிலை தோன்றும். மாறாக, செலுத்தி வாளாவிருக்க, முறைவழியாக்கி வட்டை எதிர்நோக்கிக் காத்திருப்பின், வட்டையோ வடத்தையோ ஐயுறல் தகும். யூ.எஸ்.பி. 2.0 வாயிலிற் செருகிய வட்டு எத்துணைப் புதியதாயினும் நொடிக்கு 60 மெகாபைற்றை எட்டாது. உட்கருவின் பதிவேட்டில் வாசிப்பு, எழுத்து வழுக்கள் காணப்படின் வேகத்தைப் பற்றிய ஆராய்ச்சியை அக்கணமே நிறுத்தி, உள்ளவற்றை வேறிடத்திற் பிரதிசெய்தலே முதற்கடன்.

அளவிடுதலிலும் ஒரு மயக்கம் உண்டு. எழுதப்படுந் தரவு முதலில் நினைவகத்திலே தங்குவதால், தொடக்கத்திற் காட்டப்படும் வேகம் வட்டின் வேகமன்று. பிரதி முடிந்ததெனத் திரை கூறிய பின்னரும் எழுத்து நிகழ்ந்துகொண்டிருக்கலாம். அவ்வேளை வட்டைப் பிடுங்கியெடுத்து ஓராண்டின் உழைப்பை ஒரு நொடியில் இழத்தல் கூடும். ‘சிங்க்’ என்னுங் கட்டளை முடியும்வரை பொறுத்து, அக்காலத்தையுஞ் சேர்த்துக் கணித்தலே முறையான அளவை. இவ்விழப்புக்கு அஞ்சி, வட்டை இணைக்கும்போதே ‘சிங்க்’ என்பதை நிலையான தெரிவாக இடுவோர், ஒவ்வொரு துண்டும் வட்டை அடையும்வரை காத்திருக்க நேரும். தாமதத்தைத் தாமே வருவித்துக்கொண்டவர் அவர்.

2021 இல் வெளியான லினக்ஸ் 5.15 இல், பாரகன் நிறுவனம் ஆக்கியளித்த என்.ரி.எவ்.எஸ்.3 என்னுஞ் செலுத்தி உட்கருவினுள்ளேயே சேர்க்கப்பட்டது. எழுதுவினைஞர் களஞ்சியத்தினுட் புகுந்துவிட்டார் எனலாம். புறத்தே சென்று மீளும் பயணம் இங்கில்லை. ஆயினும், முறையாகக் கழற்றப்படாத வட்டை இது இணைக்க மறுக்கும். அப்போது வலிந்து இணைக்குந் தெரிவை நாடாது, வட்டை விண்டோஸிற் பொருத்தி, ‘செக்டிஸ்க்’ கொண்டு சோதித்த பின்னரே மீளக் கொணர்தல் வேண்டும்.